கிளை பிரியும் இடத்தில் அடைப்பு: ஒரு ஸ்டென்டா, இரண்டா?

இதய நலம் – வாசகர் கேள்வி, மருத்துவர் பதில்

இந்த இதழுக்கு வந்த கடிதங்களில் பல, இதயத் தமனி இரண்டாகப் பிரியும் இடத்தில் ஏற்படும் அடைப்புக்கு எத்தனை ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் உலோக வலைக்குழல்) வைப்பது, எந்த முறையில் வைப்பது என்பதைப் பற்றியே இருந்தன. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒத்திவைத்துவிட்டு, இவற்றுக்கு மட்டும் சற்று விரிவாகப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் தந்தையாருக்கு வயது 66. சற்று வேகமாக நடந்தால் நெஞ்சில் இறுக்கம் வருகிறது. ஆஞ்சியோகிராம் அறிக்கையில் ‘எல்.ஏ.டி. – டயகனல் பைஃபர்கேஷன், மெடினா 1,1,1’ என்று எழுதியிருக்கிறார்கள். ஒரு மருத்துவர் ஒரு ஸ்டென்ட் போதும் என்கிறார். இன்னொருவர் இரண்டையும் வைத்துவிடுவதே நல்லது என்கிறார். யார் சொல்வதைக் கேட்பது?
– வாசகர், மன்னார்குடி

எல்.ஏ.டி. என்பது இதயத்தின் முன்பக்கமாக இறங்கும் முதன்மைத் தமனி, டயகனல் அதிலிருந்து பிரியும் கிளை, பைஃபர்கேஷன் என்றால் பிரியும் இடம். முதலில் அந்த மூன்று எண்களைப் பார்த்துவிடுவோம். ஸ்பெயின் நாட்டு இதய மருத்துவர் அல்ஃபோன்சோ மெடினாவும் அவருடைய குழுவினரும் 2006-இல் வகுத்த குறியீடு அது. முதல் எண் கிளை பிரிவதற்கு முன்புள்ள முதன்மைக் குழாயையும், இரண்டாவது எண் பிரிந்த பின்னுள்ள முதன்மைக் குழாயையும், மூன்றாவது எண் கிளைக் குழாயின் வாயையும் குறிக்கும். பாதிக்கு மேல் சுருங்கியிருந்தால் 1, இல்லையென்றால் 0. உங்கள் தந்தையாருக்கு மூன்று இடங்களிலும் சுருக்கம் இருக்கிறது என்பதே இதன் பொருள். ஆனால் கிளையில் அந்த அடைப்பு எவ்வளவு தூரம் ஓடுகிறது, கிளை எவ்வளவு பெரியது, எந்தக் கோணத்தில் பிரிகிறது, சுண்ணாம்பு படிந்திருக்கிறதா என்பவற்றில் ஒன்றைக்கூட அந்த எண்கள் சொல்வதில்லை. ஸ்டென்டின் எண்ணிக்கையைத் தீர்மானிப்பவையோ இந்தக் கடைசி நான்கும்தான்.

கிளை பிரியும் இடத்தில் கொழுப்பு ஏன் அதிகமாகப் படிகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். ரத்தம் நேராக வந்து மோதிப் பிரிகிற அந்த முனையில் ஓட்டம் வேகமாக இருக்கும். அதற்கு எதிர்ப்புறச் சுவர்களில் ஓட்டம் தளர்ந்து சுழலும். ஆற்றிலிருந்து வாய்க்கால் பிரியும் இடத்தில் நீரின் வேகம் குறைந்த கரையோரமாக வண்டல் தங்குவதைப் போல, ஓட்டம் தளர்ந்த இந்தச் சுவர்களில்தான் கொழுப்பும் முதலில் தங்குகிறது. ஆஞ்சியோபிளாஸ்டி செய்யப்படும் அடைப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு இப்படிப்பட்ட இடங்களில் அமைவது இதனால்தான்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். முதன்மைக் குழாயில் மட்டும் ஒரு ஸ்டென்ட் வைத்துவிட்டு, கிளையின் நிலையைப் பார்த்து, உண்மையிலேயே தேவைப்பட்டால் மட்டும் இரண்டாவதை வைப்பது ‘ப்ரொவிஷனல்’ முறை. இரண்டையும் வைப்பதென்று தொடக்கத்திலேயே முடிவெடுத்துச் செய்வது இரட்டை ஸ்டென்ட் முறை. இரண்டு குழாயிலும் அடைப்பு இருக்கும்போது இரண்டிலும் ஸ்டென்ட் வைப்பதுதானே முறை என்று எவருக்கும் தோன்றும். ஆனால் நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் அந்த எண்ணத்தை ஏற்கவில்லை. வட ஐரோப்பிய நாடுகளில் 413 பேரிடம் நடந்து 2006-இல் வெளியான நார்டிக் ஆய்வில், ஆறு மாத முடிவில் ஒற்றை ஸ்டென்ட் பிரிவில் 2.9 விழுக்காட்டினருக்கும் இரட்டை ஸ்டென்ட் பிரிவில் 3.4 விழுக்காட்டினருக்கும் பெரிய பாதிப்புகள் நேர்ந்தன. அதாவது வேறுபாடு இல்லை. பிரிட்டனில் 500 பேரிடம் நடந்து 2010-இல் வெளியான ‘பி.பி.சி. ஒன்’ ஆய்விலோ, ஒன்பது மாதங்களில் எளிய (ஒற்றை ஸ்டென்ட்) முறைப் பிரிவில் 8 விழுக்காட்டினருக்கும் சிக்கலான (இரட்டை ஸ்டென்ட்) முறைப் பிரிவில் 15.2 விழுக்காட்டினருக்கும் மரணம், மாரடைப்பு, மறுசிகிச்சை போன்ற பாதிப்புகள் ஏற்பட்டன. இந்த இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்தபோது, இறந்தவர்களின் விகிதம் எளிய முறையில் 3.8, சிக்கலான முறையில் 7 விழுக்காடாக இருந்தது.

உலோகம் கூடக் கூட, அது குழாய்ச் சுவரோடு சரியாக ஒட்டாமல் நிற்பதற்கும், ரத்தம் அங்கே உறைவதற்கும், சதை வளர்ந்து மறுபடி அடைப்பதற்கும் இடம் கூடுகிறது. சிகிச்சை நேரமும் நீள்கிறது. எக்ஸ்-ரேயில் குழாயைக் காட்டுவதற்குச் செலுத்தும் மருந்தின் அளவும் கூடிச் சிறுநீரகத்துக்குச் சுமையாகிறது. எனவே உங்கள் தந்தையாருடைய டயகனல் கிளை 2.5 மி.மீ.க்குக் குறைவான விட்டமுடையதாகவோ, அதன் அடைப்பு வாயோடு நின்றுவிடுவதாகவோ இருந்தால், ஒரு ஸ்டென்டில் தொடங்கலாம் என்று சொன்ன மருத்துவர் பக்கமே நான் நிற்பேன். கிளை பெரியதாக இருந்து, அதன் வாயிலிருந்து 10 மி.மீ.க்கு மேல் கடுமையான அடைப்பு நீண்டிருந்தால், இரண்டாமவர் சொல்வதற்கும் வலுவான ஆதாரம் இருக்கிறது. இத்தகைய சிக்கலான அடைப்புகளை மட்டும் தேர்ந்தெடுத்து 653 பேரிடம் நடத்தி 2020-இல் வெளியிட்ட ‘டெஃபினிஷன் டூ’ ஆய்வில், ஓராண்டில் சிகிச்சை தோற்றவர்கள் ப்ரொவிஷனல் முறையில் 11.4 விழுக்காடு, இரட்டை ஸ்டென்ட் முறையில் 6.1 விழுக்காடு. ஆகவே இரு மருத்துவர்களிடமும் நீங்கள் கேட்க வேண்டியது ஒன்றுதான்: கிளையின் விட்டம் எவ்வளவு, அதில் அடைப்பின் நீளம் எவ்வளவு?

கேள்வி: என் கணவருக்கு முதன்மைக் குழாயில் ஒரு ஸ்டென்ட் வைத்தார்கள். சிகிச்சை முடிந்து காட்டிய படத்தில் கிளையின் வாய் முக்கால் பங்கு சுருங்கித் தெரிந்தது. ‘அதை அப்படியே விட்டுவிடலாம்’ என்றார்கள். வேலையைப் பாதியில் நிறுத்திவிட்டார்களோ என்று மனம் அடித்துக்கொள்கிறது. அவருக்கு இப்போது நெஞ்சுவலி இல்லை.
– வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, உங்கள் அச்சம் எனக்குப் புரிகிறது. படத்தைப் பார்த்த எவரும் அப்படித்தான் நினைப்பார்கள். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்தோம். முதன்மைக் குழாயில் ஸ்டென்ட் விரியும்போது, இரு குழாய்களுக்கும் நடுவிலுள்ள சுவர்முனை கிளையின் பக்கமாகச் சற்றே தள்ளப்படுகிறது. அதனால் கிளையின் வாய் ஒரு திசையில் அமுங்கி, நீள்வட்டமாகிவிடுகிறது. ஆஞ்சியோகிராம் என்பது குழாயின் நிழலைத்தான் காட்டும். அமுங்கிய பக்கத்திலிருந்து பார்த்தால் வாய் ஏறத்தாழ மூடிவிட்டது போலவே தோன்றும், ரத்தம் செல்வதற்குப் போதுமான பரப்பு உள்ளே திறந்திருந்தாலும்கூட.

தென்கொரியாவின் சியோல் நகரில் போன்-க்வோன் கூ குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இதை அளந்தே காட்டியது. இப்படி ஸ்டென்டுக்குப் பின்னால் அகப்பட்ட கிளைகளுக்குள் அழுத்தம் அளக்கும் மெல்லிய கம்பியைச் செலுத்தி, ரத்த ஓட்டம் உண்மையில் எவ்வளவு தடைபடுகிறது என்று பார்த்தார்கள். படத்தில் முக்கால் பங்குக்குக் குறைவாகச் சுருங்கித் தெரிந்த கிளைகளில் ஒன்றில்கூட ஓட்டம் குறிப்பிடத்தக்க அளவு குறைந்திருக்கவில்லை. முக்கால் பங்கும் அதற்கு மேலும் சுருங்கித் தெரிந்த 73 கிளைகளிலோ, உண்மையிலேயே தடை இருந்தவை 20 மட்டுமே.

கிளையில் ஓட்டம் வேகமாக இருந்து, நோயாளிக்கு வலி இல்லாமல், இ.சி.ஜி.யில் மாற்றமும் இல்லாமல் இருந்தால், படத்தை அழகாக்குவதற்காக மட்டும் அந்தக் கிளைக்குள் நுழைய வேண்டியதில்லை. நார்டிக்-பால்டிக் மூன்றாம் ஆய்வில் (2011) 477 பேருக்கு முதன்மைக் குழாயில் ஸ்டென்ட் வைத்தபின், ஒரு பிரிவினருக்கு மட்டும் இரு குழாய்களிலும் ஒரே நேரத்தில் பலூன் விரிக்கும் ‘கிஸ்ஸிங் பலூன்’ செய்தார்கள். ஆறு மாதப் பாதிப்பு விகிதம் செய்தவர்களில் 2.1, செய்யாதவர்களில் 2.5 விழுக்காடு என ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எனவே உங்கள் கணவருக்கு வேலை பாதியில் நிற்கவில்லை. நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். நடக்கும்போது வலியோ மூச்சிரைப்போ புதிதாக வந்தால் மட்டும் தாமதிக்காமல் போய்க் காட்டுங்கள்.

கிளையில் ஓட்டம் உண்மையாகவே குறைந்துவிட்டால், இரண்டாவது ஸ்டென்டுக்கு முன் இப்போது இன்னொரு வழியும் இருக்கிறது. மருந்து தடவிய பலூனைக் கிளை வாயில் விரித்து, மருந்தை மட்டும் சுவரில் ஒட்டவைத்துவிட்டுப் பலூனை வெளியே எடுத்துவிடலாம். உள்ளே உலோகம் எதுவும் மிஞ்சாது. 2024-இல் வெளியான ‘டி.சி.பி. பிஃப்’ ஆய்வில் 784 பேரிடம் இதைச் சாதாரணப் பலூனோடு ஒப்பிட்டார்கள். ஓராண்டில் பெரிய பாதிப்புகள் சாதாரணப் பலூனில் 12.5, மருந்துப் பலூனில் 7.2 விழுக்காடு. இந்த வழி வரும் ஆண்டுகளில் மிகவும் பரவும் என்றே நான் எதிர்பார்க்கிறேன்.

கேள்வி: நான் செவிலியர் பயிற்சி மாணவி. கேத்லேபில் (இதயக் குழாய்ச் சிகிச்சை அறையில்) டி, குலாட், க்ரஷ், டி.கே. க்ரஷ் என்றெல்லாம் சொல்கிறார்கள். இவற்றுக்குள் என்ன வேறுபாடு? எது சிறந்தது?
– வாசகி, மதுரை

கோணத்திலிருந்து தொடங்கினால் எளிதில் பிடிபடும். கிளை ஏறத்தாழச் செங்குத்தாகப் பிரிந்தால், கிளைக்குள் ஒரு ஸ்டென்டை அதன் வாய் வரை மட்டும் வைத்து நிறுத்திவிடலாம். அதுதான் டி முறை. ஆனால் பெரும்பாலான கிளைகள் சாய்வாகப் பிரிவதால், வாயின் ஒரு விளிம்பில் ஸ்டென்ட் படாத இடைவெளி விழும். பிற்பாடு மறு அடைப்பு வருவதும் பெரும்பாலும் அந்த இடைவெளியில்தான். அதைத் தவிர்க்க, கிளை ஸ்டென்டின் ஓரம் முதன்மைக் குழாய்க்குள் ஓரிரு மி.மீ. நீட்டிக்கொண்டிருக்கும்படி வைப்பது ‘டேப்’ முறை. ஒரு ஸ்டென்டோடு தொடங்கி, நடுவில் கிளை கிழிந்து இரண்டாவது ஸ்டென்ட் கட்டாயமாகும்போது கைகொடுப்பது பெரும்பாலும் இதுவே.

குலாட் முறையில் முதல் ஸ்டென்ட் முதன்மைக் குழாயின் மேற்பகுதியிலிருந்து ஒரு குழாய்க்குள் போகும். அதன் வலைக்கண் வழியே நுழைத்த இரண்டாவது ஸ்டென்ட், அதே மேற்பகுதியிலிருந்து மற்றக் குழாய்க்குள் போகும். மேற்பகுதியில் இரண்டடுக்கு உலோகம் அமையும். கிளை வாய் முழுமையாக மூடப்படும். சாய்வான கோணத்துக்கும், இரு குழாய்களும் ஏறக்குறைய ஒரே பருமனாக இருப்பதற்கும் இது பொருந்தும். பருமன் மிகவும் வேறுபட்டால், சிறிய குழாயின் அளவுக்குச் செய்யப்பட்ட ஸ்டென்ட் பெரிய குழாயில் போதுமான அளவு விரியாமல் நின்றுவிடும்.

க்ரஷ் முறையில் கிளை ஸ்டென்டை 2, 3 மி.மீ. முதன்மைக் குழாய்க்குள் நீட்டி வைத்து, அந்த நீட்சியை முதன்மைக் குழாயின் சுவரோடு நசுக்கி, அதன் மேல் முதன்மை ஸ்டென்டை வைப்பார்கள். பழைய க்ரஷ் முறையின் சிக்கல், கிளைக்குள் மீண்டும் பலூனை வழிநடத்தும் கம்பியை நுழைக்க வேண்டிய கட்டத்தில்தான் தொடங்கும். கிளை வாயின் முன்னால் நசுங்கிய ஸ்டென்டின் இரண்டு அடுக்கும் முதன்மை ஸ்டென்டின் ஓர் அடுக்குமாக மூன்றடுக்கு உலோகம் நிற்கும். கம்பி நுழைந்தாலும் சில சமயம் பலூன் நுழையாது. பலூன் போகாவிட்டால் கிஸ்ஸிங் செய்ய முடியாது, கிளை வாயும் சரியாகத் திறக்காது. சீனாவின் நான்ஜிங் நகரைச் சேர்ந்த ஷாவ்-லியாங் சென் இதற்குக் கண்ட தீர்வுதான் டி.கே. க்ரஷ். நசுக்கியவுடன், முதன்மை ஸ்டென்டை வைப்பதற்கு முன்பாகவே, ஒருமுறை கம்பியை நுழைத்துக் கிஸ்ஸிங் செய்து கிளை வாயைத் திறந்துவிடுவார். அதன் பிறகு முதன்மை ஸ்டென்டை வைத்தால், இரண்டாம் முறை கடக்க வேண்டியது ஓர் அடுக்கு மட்டுமே. படிகள் கூடுகின்றன, ஆனால் கடைசிப் படி தோற்பது அரிதாகிவிடுகிறது.

எது சிறந்தது என்றால், இரட்டை ஸ்டென்ட் முறைகளுக்குள் ஆதாரம் அதிகம் உள்ளது டி.கே. க்ரஷுக்கே. இடது முதன்மைத் தமனி அடைப்புள்ள 419 பேரிடம் அதைக் குலாட்டோடு ஒப்பிட்ட ஆய்வில் (2013) ஓராண்டுப் பாதிப்பு டி.கே. க்ரஷில் 6.2, குலாட்டில் 16.3 விழுக்காடாக இருந்தது. அந்த ஆய்வுகளைச் செய்தவர்கள் அந்த முறையிலேயே ஊறியவர்கள் என்பதையும் மறந்துவிடக் கூடாது. மாதத்துக்கு ஒருமுறை மட்டும் டி.கே. க்ரஷ் செய்யும் கையைவிட, வாரந்தோறும் குலாட் செய்து பழகிய கை நோயாளிக்குப் பாதுகாப்பானது என்பது என் கருத்து.

நீங்கள் கேத்லேபில் நிற்கும்போது ஒரு கட்டத்தை மட்டும் தவறாமல் கவனியுங்கள். பிரிந்த இரு குழாய்களின் விட்டத்தைக் கூட்டி 0.678-ஆல் பெருக்கினால், பிரிவதற்கு முன்புள்ள குழாயின் விட்டம் ஏறக்குறையக் கிடைத்துவிடும். ஃபினே வாய்பாடு என்பது அது. ஒன்று 3 மி.மீ., மற்றொன்று 2.5 மி.மீ. என்றால் மேற்குழாய் ஏறத்தாழ 3.7 மி.மீ. இருக்கும். ஸ்டென்டோ கீழ்க்குழாயின் அளவான 3 மி.மீ.க்குத்தான் தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கும், அதனால் மேற்பகுதியில் அது சுவரைத் தொடாமல் தொங்கும். அதைச் சரிசெய்யக் குட்டையான, பெரிய பலூன் ஒன்றைப் பிரிமுனைக்குச் சற்று மேலே வரை கொண்டுவந்து நிறுத்தி விரிப்பார்கள். ‘பாட்’ என்று அவர்கள் சொல்வது இதைத்தான். இதைச் செய்யாமல் விட்டால், அடுத்து நுழைக்கும் கம்பி ஸ்டென்டுக்கும் சுவருக்கும் நடுவே ஓடிவிடக்கூடும். அதன் மேல் பலூன் விரித்தால் ஸ்டென்டே நசுங்கிவிடும். எந்தப் பெயருடைய முறையானாலும் இந்தக் கட்டத்தைத் தவிர்க்கலாகாது.

கேள்வி: எனக்கு ‘லெஃப்ட் மெயின்’ கிளை பிரியும் இடத்திலேயே அடைப்பு. பைபாஸ் வேண்டாம், இரண்டு ஸ்டென்ட் வைத்தால் போதும் என்கிறார்கள். சர்க்கரை நோய் இல்லை. நம்பலாமா?
– வாசகர், திருநெல்வேலி

இடது முதன்மைத் தமனி இதயத் தசையின் பெரும்பகுதிக்கு ரத்தம் கொடுப்பது. அங்கே பிரியும் இரு குழாய்களில் சர்க்கம்ஃப்ளெக்ஸ் என்பதைச் சிறு கிளையாகக் கருதிக் கைவிட முடியாது. ஆகவே முந்தைய பதில்களில் சொன்ன பொது விதி இங்கே அப்படியே செல்லாது.

இதில் இரண்டு ஆய்வுகள் எதிரெதிராகப் பேசுகின்றன. 482 பேரிடம் நடந்த ‘டி.கே. க்ரஷ் ஃபைவ்’ ஆய்வில் (2017) ஓராண்டில் சிகிச்சை தோற்றவர்கள் ப்ரொவிஷனல் முறையில் 10.7, டி.கே. க்ரஷ் முறையில் 5 விழுக்காடு. ஐரோப்பாவில் 467 பேரிடம் நடந்த ‘இ.பி.சி. மெயின்’ ஆய்விலோ (2021) படிப்படியான ப்ரொவிஷனல் முறையில் 14.7, தொடக்கத்திலேயே இரட்டை ஸ்டென்ட் வைத்தவர்களில் 17.7 விழுக்காடு, புள்ளியியல்படி இவ்விரண்டுக்கும் வேறுபாடு இல்லை. இந்த முரண்பாட்டின் காரணம் நோயாளிகளிடமே இருக்கிறது. முதல் ஆய்வில் கிளை அடைப்பின் நீளம் சராசரியாக 16 மி.மீ. அளவில் இருந்தது, இரண்டாவதில் 7 மி.மீ. அளவில்தான். மேலும் ஐரோப்பிய மருத்துவர்கள் இரட்டை ஸ்டென்டுக்குப் பெரும்பாலும் குலாட், டி முறைகளையே கையாண்டார்கள், டி.கே. க்ரஷ் மிகச் சிலருக்கே செய்யப்பட்டது. எனவே உங்களுக்கும் கேள்வி அதே நீளம்தான். சர்க்கம்ஃப்ளெக்ஸின் வாயில் மட்டும் அடைப்பு என்றால் ஒன்றில் தொடங்கலாம். உள்ளே நீண்டிருந்தால், திட்டமிட்டு இரண்டு.

பைபாஸைப் பொறுத்தவரை, இடது முதன்மைத் தமனி அடைப்புக்கு ஸ்டென்டையும் பைபாஸையும் ஒப்பிட்ட நான்கு ஆய்வுகளைச் சேர்ந்த 4,394 பேரின் தரவுகளை ஒன்றாக்கி 2021-இல் வெளியிட்டார்கள். ஐந்தாண்டில் இறந்தவர்கள் ஸ்டென்டில் 11.2, பைபாஸில் 10.2 விழுக்காடு; உறுதியான வேறுபாடு இல்லை. ஆனால் பிற்காலத்தில் மாரடைப்பும் மறுசிகிச்சையும் ஸ்டென்ட் பிரிவில் அதிகம். மற்றக் குழாய்களிலும் சிக்கலான அடைப்புகள் உள்ளவர்களுக்கு நான் தயங்காமல் பைபாஸையே சொல்வேன். உங்கள் அறிக்கையில் ‘சின்டாக்ஸ் ஸ்கோர்’ என்று, அடைப்புகள் எவ்வளவு சிக்கலானவை என்பதைக் காட்டும் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 22 அல்லது அதற்குக் கீழ் என்றால் ஸ்டென்ட் ஏற்கத்தக்க வழிதான். அந்த எண்ணே அறிக்கையில் இல்லையென்றால், ஒரு பைபாஸ் அறுவை மருத்துவரிடமும் படத்தைக் காட்டிக் கருத்துக் கேட்டபின் முடிவெடுங்கள். நெஞ்சுவலி நிலையாக இருப்பவருக்கு அதற்கு நேரம் இருக்கிறது. ஓய்விலேயே வலி வருகிறதென்றால் காத்திருக்காதீர்கள்.

கேள்வி: குழாய்க்குள் கேமரா விட்டுப் பார்க்க வேண்டும், அதற்குத் தனிச் செலவு ஆகும் என்றார்கள். அவசியம்தானா?
– வாசகர், வேலூர்

கிளை பிரியும் இடத்துக்கு, அவசியம் என்றே சொல்வேன். ஒலி அலையால் பார்ப்பது ஐவஸ், ஒளியால் பார்ப்பது ஓ.சி.டி. ஸ்டென்ட் சுவரோடு ஒட்டியிருக்கிறதா, கம்பி சரியான வலைக்கண் வழியாகத்தான் கிளைக்குள் போயிருக்கிறதா என்பவற்றை ஆஞ்சியோகிராமில் இவ்வளவு தெளிவாகக் காண முடியாது. கிளை அடைப்புள்ள 1,201 பேரிடம் நடந்த ‘அக்டோபர்’ ஆய்வில் (2023), இரண்டாண்டுப் பாதிப்பு ஆஞ்சியோகிராமை மட்டும் நம்பிச் செய்தவர்களில் 14.1, ஓ.சி.டி. பார்த்துச் செய்தவர்களில் 10.1 விழுக்காடு. ஐரோப்பிய இதயவியல் சங்கத்தின் 2024-ஆம் ஆண்டு வழிகாட்டுதலும் இதனை முதல்தரப் பரிந்துரையாக வைத்திருக்கிறது. நம் நாட்டில் மருந்து தடவிய ஸ்டென்டின் விலைக்கு 2017 பிப்ரவரியில் 29,600 ரூபாய் என்று அரசு உச்சவரம்பு விதித்து, அதன்பின் அவ்வப்போது திருத்தியும் வருகிறது. எனவே, தேவையில்லாத இரண்டாவது ஸ்டென்டுக்கு ஆகும் பணத்தை இந்தப் பரிசோதனைக்குச் செலவிடுவது எவ்வளவோ மேல்.

கேள்வி: இரண்டு ஸ்டென்ட் வைத்தவர்கள் ரத்தம் உறையாத மாத்திரைகளை எவ்வளவு காலம் சாப்பிட வேண்டும்? பல் பிடுங்க வேண்டியிருக்கிறது, நிறுத்தலாமா?
– வாசகி, காரைக்குடி

நிலையான நெஞ்சுவலிக்காக வைத்திருந்தால், ஆஸ்பிரினும் குளோபிடோக்ரெலும் சேர்ந்து பொதுவாக ஆறு மாதம். மாரடைப்புக்குப் பின் வைத்திருந்தால் இரண்டு மாத்திரைகளும் ஓராண்டு. கிளை பிரியும் இடத்தில் இரண்டு ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்து கூடுதல் என்பதால், ரத்தக்கசிவு வாய்ப்புக் குறைவாக உள்ளவர்களுக்கு மருத்துவர் இந்தக் காலத்தை நீட்டிக்கலாம். அதன்பிறகும் ஒரு மாத்திரை வாழ்நாள் முழுவதும் உண்டு. பல் பிடுங்குவதற்காக நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் மாத்திரையை நிறுத்தாமலேயே பல்லை எடுத்து, ஈறை அழுத்தியோ தையல் போட்டோ ரத்தத்தை நிறுத்திவிட முடியும். எந்த இடத்தில், எந்தத் தேதியில், எத்தனை ஸ்டென்ட் வைக்கப்பட்டன என்று எழுதிய டிஸ்சார்ஜ் சம்மரியைப் பல் மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள். அவர் உங்கள் இதய மருத்துவரிடம் ஒருமுறை பேசிவிட்டுப் பல்லை எடுக்கட்டும்.